இரண்டு நாற்பத்தேழு

லோவெல் ப்ராட்டனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்து மூன்று வருஷத்தை ஒரே கல்லூரியில் கழித்தவர். நான்கு வருஷம் அங்கே படித்தார், ஆடினார். நடுவில் பதின்மூன்று வருஷம் வேறோர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளமும் பந்தும் சொல்லிக்கொடுத்தார். பிறகு படித்த ஆர்ன்டல் கல்லூரிக்கே ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்து பத்தொன்பது வருஷமாகிறது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எங்கள் மினசோட்டாவில் ஃபுட்பால் என்று பெயர். ஓடுவதைத் தவிர காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது.

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர் மனைவி ஜூடித்தும், பல் வைத்தியரும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் 'கோச்'. அலுவலக வாசலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. 1991, நவம்பர், இருபத்தோரு வயது லோவெல் காற்றில் கிடையாகப் பறந்து பந்தைப் பிடிக்கிறார். கல்லூரியின் வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் அதிகப் பந்துகளைப் பிடித்தவர் என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படத்தைக் கடந்துதான் அவர் தினமும் உள்ளே போவார். ஆனால் நின்று பார்த்து யாரும் கண்டதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் ஆடிய காலத்தில் அணியில் அறுபது பேர். இப்போது நூற்றைம்பது. ஊருக்குத் திடீரென்று வீரம் வந்துவிடவில்லை. கல்லூரியில் மொத்தமே தொள்ளாயிரம் பிள்ளைகள், ஃபுட்பால் பையன்கள் வராவிட்டால் பாதி விடுதியைப் பூட்ட வேண்டியதுதான். ஆகவே கல்லூரித் தலைவர் வருஷா வருஷம் ஐம்பது புதுப் பையன்கள் வேண்டும் என்பார். டிசம்பர் பிறந்தால் லோவெல் காரை எடுத்துக்கொண்டு பனியில் கிளம்பிவிடுவார். ஊர் ஊராக, வீடு வீடாக, சமையலறை மேஜை மேஜையாக. அவர் கை நனைக்காத வீடு மாவட்டத்தில் குறைவு. எங்கே போனாலும் அதே ஹாட்டிஷ்தான்: கறியும் உருளைக்கிழங்கும் காளான் சூப்பும் ஒன்றாய் வெந்து, ஓரம் கருகி வருவது. 'ஆள் சேக்கப் போறீங்களா, பந்தியில உக்காரப் போறீங்களா' என்று ஜூடித் அவர் வயிற்றைப் பார்த்துக் கேட்பாள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்வி. 'இவன் ஆடுவானா?'

நூற்றைம்பது பேரில் களத்தில் ஆடுபவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. அதைச் சொன்னால் ஆள் சேராது. அதனால் லோவெல் ஒரு கதை சொல்வார்.

ஆர்ன்டலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று, படிப்பை முடிக்கப்போகும் ஒவ்வொரு பையனும் ஒரு தடவையாவது களத்தில் இறங்கியாக வேண்டும். பந்து கைமாறி ஆள் விழுவதற்கு ஆறு நொடி ஆகும். அந்த ஆறு நொடிதான். ஆனால் பையன் கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போது, ஓரத்தில் நிற்கிற அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றுவார்கள். லோவெலுக்கு முந்தைய காலத்திலிருந்தே இப்படித்தான்.

'தொண்ணூத்தியொண்ணுல எனக்குக் கடைசி ஆட்டம்,' என்று ஆரம்பிப்பார். 'இன்னும் ஒரே ஒரு பந்து பிடிச்சா கல்லூரி சாதனை என் பேர்ல. அப்பப் பார்த்து எனக்கு பதிலா ஓரின் ஃப்ளாட்லண்டுன்னு ஒருத்தன கோச் உள்ள அனுப்புறாரு. நாலு வருஷமா பெஞ்சுல உக்காந்தே இருந்தவன். எனக்கு வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லல. ஆனா வெளிய வந்தேன். என் தொப்பியையும் கழட்டினேன். அவன் உள்ள போறப்ப அவன் மூஞ்சியப் பாத்தேன் பாருங்க, அதுக்கப்புறம் சாதனையாவது ஒண்ணாவது. அடுத்த தடவ உள்ள போனேன், பந்து தானா வந்து கையில விழுந்துச்சு.'

அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பையன் சேர்ந்துவிடுவான்.

நடந்தது வேறு. ஓரின் ஓடி வந்தது நிஜம். பாதி தூரம் வந்தவனைப் பார்த்து லோவெல் இரண்டு விரலை ஆட்டி 'போ, போ' என்றார். ஓரின் ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பி ஓடிப் போனான், சின்ன ஓட்டமாக, தவறு தன்னுடையது என்பதுபோல. அடுத்த ஆறு நொடியில் லோவெல் பிடித்த பந்துதான் வாசலில் தொங்குகிற படம். அதன்பின் ஆட்டம் சூடு பிடித்தது. ஓரினைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. பழைய கோச் செத்துப் போய்விட்டார். லோவெல் கதையை முதல் வீட்டில் சொல்லும்போது விரலாட்டியதை மட்டும் விட்டுவிட்டார். மூன்றாவது வீட்டில் தானே வெளியே வந்துவிட்டார். பத்தாவது வீட்டில் தொப்பியையும் கழற்றினார். பத்தொன்பது வருஷம் நாக்குக் கூசாமல் சொல்லிச் சொல்லி, நடந்ததே அதுதான் என்று பாதி நாள் அவரே நம்பினார்.

டோபின் ராஸ்க்கின் வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவனைக் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரத் தூரத்தில் வான்கோழிப் பண்ணைகள் சூழ்ந்த சின்ன ஊர். அம்மா ரொன்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், அப்பா இல்லை. கதையைக் கேட்டு அவள் கண்ணைத் துடைக்கவில்லை. 'அந்த ஓரின் இப்ப எங்க இருக்காரு?' என்று கேட்டாள். தெரியாது என்றார் லோவெல். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, 'அப்ப என் பையனும் ஒரு தடவ இறங்குவான்ல?' என்றாள்.

'சொந்த மைதானத்துல, உங்க கண்ணு முன்னாடி,' என்றார் லோவெல். 'இது என் வாக்கு, ரொன்டா.'

எழுந்து கைகூடக் கொடுத்தார்.

டோபின் நல்ல பையன், சுமாரான ஆட்டக்காரன். நாலு வருஷமும் அவனுக்கு ஒரே வேலை. அடுத்த சனிக்கிழமை எதிர்த்து ஆடப்போகும் அணி எப்படி ஆடுமோ அப்படியே வாரம் முழுக்க ஆடிக் காட்டுகிற கூட்டம் ஒன்று எல்லா அணியிலும் உண்டு. எதிரணியின் சிறந்த ஆளுடைய எண் போட்ட பழைய மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, அவனைப்போலவே ஓடி, அவனைப்போலவே அடி வாங்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் டோபின் வந்து நின்று கேட்பான்: 'இந்த வாரம் நான் யாரு, கோச்?'

'பன்னெண்டு. இடது கைக்காரன்.'

'சரி கோச்.'

அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷத்தில் அவன் நாற்பது பேராக இருந்துவிட்டான். லோவெல் அவனைப் பயிற்சியில் கூப்பிடும்போது அந்தந்த வாரத்து எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவன் உண்மையான எண் நாற்பத்தேழு. நூற்றைம்பது பேர் இருக்கும் அணியில் தொண்ணூற்றொன்பது எண் பத்தாது. அதனால் ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் சகஜம், இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொரு நாற்பத்தேழு ப்ரைஸ் எங்கன், அணியின் தூண் மாதிரி தடுப்பாட்டக்காரன். அவனுக்கும் இதுதான் கடைசி வருஷம்.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, லோவெல் மேஜையில் உட்கார்ந்து ஓர் அட்டையில் கடைசி வருஷப் பையன்களின் எண்களை எழுதினார். இதை உதவியாளர்களிடம் விடமாட்டார். தன் கையாலேயே எழுதுவார், அதில் அவருக்கு ஒரு பெருமை. குளிரில் கையுறையோடு பேரைப் படிக்க முடியாது என்று எண்ணை மட்டும் பெரிதாக எழுதுவது வழக்கம். அலுவலகப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நாற்பத்தேழு வந்ததும் பேனாவை நிறுத்தினார். மேலே பார்த்தார். ஏற்கெனவே எழுதியிருந்தது. இரண்டு தடவை எழுதப் பார்த்தேனே என்று தன்னையே கேலி செய்துகொண்டு அடுத்த எண்ணுக்குப் போனார். பட்டியலில் இருபத்தாறு பேர். அட்டையில் இருபத்தைந்து எண்.

சனிக்கிழமை வெயில் அடித்தது, ஆனால் குளிர் விடவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனும் குடும்பத்தோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வந்தான். டோபின் ராஸ்க் என்று ஒலிபெருக்கி சொன்னபோது ரொன்டா ஒருத்திதான் அவனோடு நடந்து வந்தாள். அவளோடு வந்திருந்த மற்ற பத்துப் பேர் மேலே இருக்கையில் எழுந்து நின்று கை தட்டினார்கள். மொன்டானாவிலிருந்து மாமா, பள்ளிச் சமையலறையில் கூட வேலை பார்ப்பவர்கள் நாலு பேர், சித்தி குடும்பம். லோவெல் எல்லா அம்மாக்களையும் கட்டிக்கொண்டது மாதிரி அவளையும் கட்டிக்கொண்டு மஞ்சள் செவ்வந்திப் பூ கொடுத்தார்.

ஆட்டம் இழுபறியே இல்லை. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஆர்ன்டல் இருபத்தொரு புள்ளி முன்னால் இருந்தது. லோவெல் அட்டையை எடுத்து ஒவ்வொரு எண்ணாக உள்ளே அனுப்பினார். தொப்பிகள் கழன்றன, கூட்டம் எழுந்து நின்றது, பென்சில் டிக் போட்டது. இருபத்தைந்து எண்ணுக்கும் டிக் விழுந்ததும் மனசு நிறைந்துபோய் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்போது இரண்டு நிமிடம் பாக்கி, பந்து நம் கையில். இன்னும் புள்ளி சேர்த்துத் தோற்றவனை அவமானப்படுத்தக் கூடாது என்பது எங்கள் மரியாதை. பந்தோடு மண்டியிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும், கடிகாரம் மட்டும் ஓடும்; பையன்களை அப்படி மண்டியிடச் சொல்லி நேரத்தைக் கழித்தார். மூன்று தடவை மண்டியிட்டார்கள். எதிரணிக் கோச் வந்து கைகுலுக்கி, 'பெரிய மனுஷன்யா நீங்க' என்றார்.

பிறகு உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் கொண்டுவந்த சாப்பாடு. லோவெல் மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு குடும்பத்தோடும் இரண்டு வார்த்தை பேசினார். வார்த்தை எல்லோருக்கும் ஒன்றுதான். ரொன்டாவின் மேஜையில் பதினோரு பேர் இருந்தார்கள். டோபின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், தலை வாரியிருந்தான். அவன் சட்டையில் ஒரு புல் கறைகூட இல்லை என்பதை லோவெல் பார்த்தார். பார்த்தது மண்டைக்குள் போகவில்லை.

'பையன் இன்னிக்கு அசத்திட்டான்,' என்றார் ரொன்டாவின் தோளில் கை வைத்து. 'காத்திருந்ததுக்குப் பலன் கெடச்சுதில்ல?'

மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது. மொன்டானா மாமா தன் தட்டையே பார்த்தார். டோபின் உப்பு டப்பியை நகர்த்தி வைத்தான்.

'நன்றி, கோச்,' என்றாள் ரொன்டா. 'பூசணி கேக் இருக்கு. ஒரு துண்டு எடுத்துக்கோங்க.'

அவளே எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அங்கேயே நின்று ரசித்துச் சாப்பிட்டார். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் ஞாயிறு காலை, தேவாலயத்துக்குப் போகுமுன் வழக்கம்போல அலுவலகத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்தார். கோபுரத்து உச்சியிலிருந்து எடுக்கும் படம். மைதானமும் தெரியும், ஓரத்தில் நிற்பவர்களும் எறும்பு மாதிரி தெரிவார்கள். கடைசிக் கால்பகுதியில் தன் சிவப்பு மேலங்கியைப் பார்த்தார். பக்கத்தில் ஒருவன் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டையில் நாற்பத்தேழு. ப்ரைஸ் என்ன இங்கே நிற்கிறான் என்று யோசித்தார். களத்துக்குள் பார்த்தார். ப்ரைஸ் அங்கே இருந்தான்.

படத்தைப் பின்னால் ஓட்டினார். அவர் இடது பக்கம் நகர்ந்தால் அந்த நாற்பத்தேழும் இடது பக்கம் நகர்கிறது. அவர் நின்றால் நிற்கிறது. ஒவ்வொரு எண்ணையும் அவர் கூப்பிடும்போது ஒரு காலை முன்னால் வைக்கிறது, பிறகு பின்னால் எடுத்துக்கொள்கிறது. தொப்பிகள் கழலும்போதெல்லாம் அதுவும் தலைக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பூட்டுகிறது. இருபத்தைந்து தடவை. பையன்கள் மண்டியிட்டு நேரத்தைக் கழிக்கும்போது, சிவப்பு மேலங்கி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுகிறது. நாற்பத்தேழு அதை வாங்கிக்கொள்கிறது. லோவெல் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். காலியான காகிதக் காப்பிக் கோப்பை.

அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். இருபத்தைந்து டிக்கையும் எண்ணிப் பார்த்தார். பூசணி கேக் நினைவு வந்தது. 'அசத்திட்டான்' என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாவது துண்டு கேட்டது வேறு. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஐம்பத்து நாலு வயது மனுஷன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூடித் தொலைபேசியில் கூப்பிட்டாள். 'சர்ச்சுக்கு நேரமாச்சு. எங்க இருக்கீங்க?'

'நீ போ. எனக்கு ஒரு வீட்டுக்குப் போகணும்.'

'ஆள் சேக்கற சீசன் இன்னும் வரலையே?'

'சேத்த வீடுதான்,' என்றார்.

டோபின் விடுதியில் இல்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தான். எந்த அறை என்று லோவெல் மூன்று பேரிடம் விசாரித்த பிறகுதான் அதுவே தெரிந்தது. இரண்டு மணி நேரம் காரோட்டினார். வழியெல்லாம் மன்னிப்பை நாலு விதமாக ஒத்திகை பார்த்தார். நாலும் சப்பைக்கட்டாகவே இருந்தன.

ரொன்டா கதவைத் திறந்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. 'டோபின் மாமாவோட மான் வேட்டைக்குப் போயிருக்கான். உள்ள வாங்க, குளிருது,' என்றாள். காப்பி ஊற்றினாள். அதே மேஜை. நாலு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே நாற்காலி. மஞ்சள் செவ்வந்தி ஒரு தம்ளர் தண்ணீரில் இருந்தது.

லோவெல் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எழுதும்போது நடந்ததைச் சொன்னார். பூசி மெழுகாமல்தான் சொன்னார்.

'தெரியும்,' என்றாள் ரொன்டா. 'உங்க அட்டைய அவன் எட்டிப் பாத்தானாம். நாப்பத்தேழுல டிக் இருந்துச்சாம். அது ப்ரைஸோடதுன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு.'

'அப்ப ஏன் சொல்லல? பக்கத்துலயே நின்னானே.'

'நானும் அதான் கேட்டேன். "கோச் வேலையா இருந்தாரும்மா"ன்னான்.' அவள் தன் காப்பியைக் கலக்கினாள். 'நான்தான் அப்படி வளத்தேன். முந்திரிக்கொட்டையா இருக்காதே, கூப்பிட்டாப் போ, கேக்காதேன்னு. நான் மட்டும் என்ன, நேத்து எந்திரிச்சு நின்னு கத்தியிருக்கலாம். ஆனா உங்க தட்டுல கேக் எடுத்து வெச்சேன்.'

லோவெலுக்குத் தலை நிமிரவில்லை. 'சாட்டர்டே கடைசி ஆட்டம் இருக்கு. வெளியூருதான். பஸ்ல அவன ஏத்திக்கறேன். முதல்லயே இறக்கறேன். நீங்க எல்லாரும்...'

'வேணாம்.'

'ரொன்டா...'

'பாவம்னு போடற ஆட்டம் எங்களுக்கு வேணாம். அவன்கிட்டயும் கேக்காதீங்க. கேட்டா சரின்னுடுவான், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு.'

லோவெல் போயிருக்கலாம். ஆனால் எதிரே தம்ளரில் பூ இருந்தது, இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தக் கதையைச் சொன்னோம் என்று இருந்தது.

'இன்னொண்ணு இருக்கு,' என்றார். 'அந்த ஓரின் கதை. நான் வெளிய வரல. வந்தவன நான்தான் திருப்பி அனுப்பினேன். அவன் ஆடவே இல்ல.'

ரொன்டா கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

'அன்னிக்கே நெனச்சேன்,' என்றாள். 'ஒருத்தனுக்காக அவ்வளவு செஞ்சவரு, அவன் எங்க இருக்கான்னு தெரியாம இருப்பாரான்னு. ஆனா பையன் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தான். அந்தக் கதைக்காகத்தான் வந்தான் கோச். அவனுக்கு வேற ரெண்டு காலேஜ்லயும் எடம் இருந்துச்சு.'

லோவெல் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

'எங்க வீட்ல யாரும் மூஞ்சிக்கு நேரா பேசற வழக்கம் இல்ல,' என்றாள் ரொன்டா. குரல் உயரவில்லை. 'இன்னிக்கு நான் பேசறேன். நீங்க செஞ்சது தப்பு. அட்டைய சொல்லல, அது யாருக்கும் நடக்கும். நாலு வருஷம் அவன் உங்க கண்ணுக்குப் படவே இல்ல பாருங்க, அது தப்பு.'

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து இதைச் சொல்வது, வேறு ஊரில் செருப்பைக் கழற்றுவதற்குச் சமம். அது லோவெலுக்கு நன்றாகத் தெரியும்.

'நான் என்ன செய்யணும்?'

'அத்தன பேர் முன்னாடிதான் நடந்துச்சு. அத்தன பேர் முன்னாடியே சொல்லுங்க. ரெண்டையும்.'

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பூசணி கேக் மீதி இருப்பதாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு நூற்றைம்பது பேரும் மைதானத்தில் ஒரு காலை மடித்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் அடுத்த எதிரணியைப் பற்றிப் பேசுவார். அன்று ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் எதிரணியின் ஆட்டத்தை வரைந்த தாள்களுமாக நின்று, முதலில் அட்டையைப் பற்றிச் சொன்னார். டோபின் ராஸ்க் என்று முழுப்பேரையும் சொன்னார். தான் அவன் கையில் கோப்பையைக் கொடுத்ததைச் சொன்னார். ப்ரைஸ் எங்கன் தன் சட்டையில் இருந்த எண்ணைக் குனிந்து பார்த்தான்.

பிறகு ஓரின் கதையைச் சொன்னார். அதில் பாதிப் பேர் அந்தக் கதையை அவரவர் வீட்டுச் சமையலறையில் கேட்டவர்கள். விரலாட்டிய இடம் வந்தபோது அவர் நிறுத்தி, இரண்டு விரலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். 'இதான் நான் செஞ்சது. உங்க அம்மாங்ககிட்ட சொன்னது பொய்,' என்றார்.

பின்வரிசையில் ஒருவன் இருமினான். ஒருவன் புல்லைப் பிடுங்கினான். திட்டியிருந்தால், சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நூற்றைம்பது பேரும் அவரை மேலும் சங்கடப்படுத்தக் கூடாதே என்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். டோபினும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், காது மடல் சிவந்து.

லோவெல் விசிலை ஊதினார். கூட்டம் எழுந்து பிரிந்தது. பழைய மேற்சட்டைகள் இருந்த பெட்டியைப் பையன்கள் சூழ்ந்தார்கள். கடைசியாக டோபின் வந்து நின்றான், நாலு வருஷமாக நிற்கிற அதே இடத்தில்.

'இந்த வாரம் நான் யாரு, கோச்?'

கிண்டல் இல்லை. அவன் குரலில் எப்போதும் கிண்டல் இருந்ததில்லை. லோவெல் வாயைத் திறந்தார். எண் தெரியும், தாளிலேயே இருந்தது; வாயிலிருந்து வரவில்லை. டோபின் காத்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் திணறுவது தாங்காமல், தலையைச் சாய்த்து அவர் கையிலிருந்த தாளைத் தானே படித்தான்.

'எண்பத்தாறுன்னு போட்டிருக்கு, கோச். பரவால்ல, நான் பாத்துக்கறேன்.'

பெட்டியிலிருந்து எண்பத்தாறை எடுத்து நாற்பத்தேழின் மேல் மாட்டிக்கொண்டான். போகத் திரும்பியவன் அவர் கையிலிருந்த கோப்பையைக் கவனித்தான். வழக்கம்போலக் கையை நீட்டினான்.

லோவெல் அதைக் கொடுக்கவில்லை. நசுக்கித் தன் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார். மீதியிருந்த காப்பி பை வழியாக ஊறித் தொடையில் சுட்டது. டோபின் தன் இடத்துக்கு ஓடினான், சின்ன ஓட்டமாக.